பெயரில் ஒரு ஸ்

"அம்மாட பேருக்கு மேல மணல் கொட்டுது, பிள்ளை"
என்று ஹெட்போனைக் கழற்றினார்
உப்புவெளியிலிருந்து வந்த மகன்.
மழிக்காத தாடி. கையில் இன்னும்
அடையாள அட்டையின் நகல்.
நாலரைக்கு ஓட்டோ புறப்பட வேண்டும்.

நான் திரும்பக் கேட்டேன்.
திருமதி புவனேஸ்வரி நல்லரெத்தினம் அவர்கள்,
அடியில் ஓடுகிறது ஒரு சர்ர்ர்,
பக்கத்து அறையில் யாரோ
தாளிதச் சட்டியை இறக்க மறந்ததுபோல்.

டொக்யார்ட் வீதியில் மர்சூக் நானாவின் கடை.
முன்னால் போட்டோக்கொப்பி, பின்னால் ஒட்டுப்பலகை அறை,
முட்டைத் தட்டு ஒட்டிய சுவர், ஒரு மைக், நான்.
தண்ணீர் வெட்டு, காணாமற்போன பசு,
பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி
எல்லாம் இந்தச் சர்ரோடுதான் ஊருக்குள் போயின.
ஒருவரும் குறை சொன்னதில்லை.
தண்ணீர் வெட்டுக்கு யாருடைய பெயரும் இல்லையே.

முதலில் மென்பொருளை நம்பினேன்.
இரண்டு செக்கன் வெறும் இரைச்சலை
மாதிரி காட்டினால் போதும்,
அதைப்போல் இருப்பதையெல்லாம் தின்றுவிடும்.
தின்றது,
ஸ் என்ற எழுத்தையும் சேர்த்து.
திருமதி புவனே வரி.
தனித்தமிழ்ப் பற்றாக்கும் என்று
வேறொரு நாளென்றால் சிரித்திருப்பேன்.
மகன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.
அழித்தேன்.

மைக்கைக் கழற்றினேன்: சர்ர்.
மைக் பூஸ்டைப் பூச்சியமாக்கினேன்:
கொஞ்சம் மெலிந்த சர்ர்.
பெட்டியைத் திறந்து சவுண்ட் கார்டைப் பிடுங்கினால்
உப்புக்காற்று பச்சையாய்ப் பூத்திருந்தது அதன் விளிம்பில்.
கொப்பியில் பிழையான கணக்கை அழிப்பதுபோல்
ரப்பரால் தேய்த்தேன்.
விசிறிக்குத் தூரமாய்க் கடைசி ஸ்லொட்டில் செருகினேன்.
டிரைவரை நீக்கி, திரும்ப டிரைவரைப் போட்டேன்.
மற்ற டிரைவர், ஓட்டோக்கார டிக்சன்,
எட்டிப்பார்த்து "முடிஞ்சுதா?" என்றான்.

பிறகுதான் கவனித்தேன்.
மவுஸை இழுத்தால் அது கீச்சிடுகிறது.
விட்டால் அடங்குகிறது.
என் கை போகும் இடமெல்லாம் கூடவே வருகிறது.
அப்படியென்றால் நோய் தொண்டையில் இல்லை.
மேசைக்கடியில் தவழ்ந்தேன்.

மூன்று கால் பிளக். ஒரு காலைக் காணோம்.
சுவரின் பழைய துளைக்குப் பொருந்தவில்லையென்று
நானாதான் அறுத்திருக்கிறார்.
"ரெண்டு கால்ல மனிசன் நிக்கிறான்,
இது நிக்காதா?"

புதுப் பிளக் பூட்டி
போட்டோக்கொப்பியின் துளைக்கு வயர் இழுத்தோம்.
பாதி போனது. பாதி போகவில்லை.

கடைக்குப் பின்னால் எர்த் கம்பி.
ஆடி வெயிலில் மண் வெடித்து
கம்பியை விட்டு ஒரு விரல் விலகியிருந்தது.
நாளைக்குத் தண்ணீர் வெட்டு, காலையில் நானே வாசித்தது.
பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு வாளி.
மகன் அதைக் கேட்டு வாங்கினார்.
விடியற்காலையிலிருந்து எல்லாரும் அவரை
"நீங்கள் இருங்கோ" என்றே சொல்லியிருப்பார்கள்.
கம்பியைச் சுற்றி ஊற்றினார்,
மெதுவாக, குமிழி அடங்கும்வரை காத்திருந்து
மறுபடியும்.

ஹெட்போனை மாட்டினேன்.
ஒன்றுமில்லை.
என் வயிறு இரைவது கேட்டது.
மூச்செடுத்து வாசித்தேன்.
ஸ் முழுதாய் நின்றது.
அவர் கேட்டார். பணத்தை எண்ணி வைத்தார்.

டிக்சனின் கூம்பு ஸ்பீக்கர் கிழிசல் என்று
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
பஸ் நிலையத்தருகே குப்பை மேய்ந்த மான்கள்
காதை மட்டும் திருப்பின.
கரகரவென்று கிளம்பியது என் குரல், திருமதி புவனே,
ஒரு லொறி குறுக்கே போனது.
பின்சீட்டில் மகன், மடியில் வெறும் கைகள்,
ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டுகிறார்,
சரியாகத்தான் கேட்கிறது என்பதுபோல்.