ஓரங்குலம்

முதுகுப்புறம், ஒரு தோளிலிருந்து மறுதோள் வரை
பித்தளைப் பற்கள்.
அதை மூட இன்னொருவர் கை வேண்டும்.
இந்த உலர் உடுப்பைத் தைத்தவர்கள்
மணமுறிவை யோசித்திருக்கவில்லை.

பிப்ரவரி. ஹிட்ராத் தீவின் மேற்குக் கரை.
கடல் நான்கு டிகிரி, காற்று மைனஸ் ஐந்து.
ஒன்பது மணிக்குத்தான் விடிகிறது,
அதுவும் அரைமனதாக.

முதலில் மெல்லிய கம்பளி, தோலோடு தோலாக.
அதன்மேல் தடித்தது.
அதன்மேல் பஞ்சடைத்த முழுச்சட்டை.
பெரியவர்களுக்கான அணையாடை ஒன்று:
மூன்று முங்கல், நடுவில் கழற்ற வழியில்லை,
வெட்கப்பட்டால் யாருக்கு நஷ்டம்?
கழுத்து ரப்பருக்கும் மணிக்கட்டு ரப்பருக்கும்
குழந்தைப் பவுடர்.
கடைசியில் திரும்பி நிற்பேன்.

ஸ்தூர்லா பற்களில் தேன்மெழுகு தேய்ப்பான்.
இடக்கையால் என் தோளை அழுத்தி
வலக்கையால் இழுப்பான்.
வீடு அவனுக்கு, படகு பாதிப்பாதி,
நாய் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று
வக்கீல் எழுதிய ஆறு பக்கத்தில்
இந்த இழுப்பு எங்கும் இல்லை.

பதினெட்டு மீட்டர்.
குளிர் முதலில் உதட்டுக்குத்தான் வரும்,
நான் மூடாமல் விட்ட ஒரே தோல்.
கொஞ்ச நேரத்தில் உதடு என்னுடையது இல்லை.
நல்லது, கவலைப்பட ஒன்று குறைந்தது.
மணலில் பாதி புதைந்த விசிறிச்சிப்பிகளை
ஒவ்வொன்றாக வலைப்பையில் போடுவேன்.
உள்ளங்கையைவிடச் சின்னது
மணலுக்கே திரும்பும்.

முதுகு சில்லிடும்போது
நெஞ்சிலிருக்கும் பொத்தானை ஒரு அழுத்து.
காற்று உள்ளே புகும், அமுங்கிய கம்பளி உப்பும்.
சூடு கம்பளியில் இல்லை,
கம்பளி பிடித்து வைத்திருக்கும்
அசையாத காற்றில் இருக்கிறது.
அசையாத காற்றைப் பதினோரு வருடம்
வீட்டிலும் வைத்திருந்தோம்.
அங்கே அது வேலை செய்யவில்லை.

போன செவ்வாய், நாயைப் பற்றிப் பேச்சு தடித்தது.
அவன் இழுத்தான். நான் குதித்தேன்.
ஆறாவது மீட்டரில்
இடத்தோளுக்குக் கீழே ஒரு ஊசி.
ஊசி நூலாகி, நூல் ஓடையாகி,
தண்டுவடம் வழியே இறங்கி இடுப்பில் தேங்கி
குதிகாலில் குளம் கட்டியது.
கயிற்றைப் பிடித்து உலுக்கினேன்.
மேலே வரும் வழியெல்லாம் ஒரே சொல்:
வேண்டுமென்றா?

மேல்தளத்தில் பல் கிட்டிவிட்டது, கேட்க முடியவில்லை.
என்னைத் திருப்பி நிறுத்தினான்.
அவன் விரல் தோளோடு போய், நின்றது.
"ஓரங்குலம்" என்றான்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
நான் கேட்கவிருந்ததை
அவனே அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்,
பதில் தெரியாத குரலில்.

நாயின் போர்வையைச் சுற்றிவிட்டான்.
பிளாஸ்கிலிருந்து வாளியில் ஊற்றி,
கடல்நீர் கலந்து, தன் முழங்கையால் பதம் பார்த்து
என் கைகளை உள்ளே வைத்தான்.
செத்த விரல்கள் உயிர் பெறும்போது
நகக்கண்ணில் தீ.
அழுதேன். அது விரலுக்காக.
போர்வை முழுக்க நாய்முடி,
வாயில்கூட.

புதன்கிழமை இழுத்து முடித்தபின்
கட்டைவிரலை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு
இரண்டு முறை ஓட்டினான்.
"மூடியிருக்கு."
பதினோரு வருடத்தில்
ஒருநாளும் சொன்னதில்லை.

முன்பக்கம் திறக்கும் புது உடுப்பு
வெள்ளிக்கிழமைத் தபாலில் வந்துவிட்டது.
நெஞ்சுக்குக் குறுக்கே பற்கள்,
நானே மூடிக்கொள்ளலாம்.
பெட்டியைக் கொட்டகைக்குத் தூக்கி வந்தது அவன்தான்.
என்ன என்று கேட்கவில்லை,
மேலேயே படம் போட்டிருக்கிறது.

அளவு சரிதானா என்று பார்க்கவேண்டும்.
இந்த வாரம் சிப்பிக்கு நல்ல விலை, நேரமில்லை.
மார்ச்சில்
கடல் இன்னும் ஒரு டிகிரி இறங்கும்.