விட்டவாசல்

கப்பலூர் தொழிற்பேட்டையில்
எங்கள் கம்பெனிக்கு இரண்டு சுவர்.
ஒன்றின் மேல் கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும்.
இன்னொன்றை ஞானதிரவியம் பார்த்துக்கொள்கிறார்,
ஏசி அறையில், சால்வை போர்த்தியபடி.

மூவாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்பதாம் கதவை
மூன்று நாளாய்த் தட்டினேன்.
இல்லை என்றுகூடச் சொல்லவில்லை சுவர்.
உட்கார வைத்து, உட்கார வைத்து,
நேரம் முடிந்தது என்றது
தாலுகா ஆபீஸ் போல.

இன்று இருபதாம் தேதி.
கீழவாசல் இரும்புக்கடையின் ஜிஎஸ்டி கணக்கு
வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது.
மாதம் ஆயிரத்தைந்நூறு,
கம்பெனிக்குத் தெரியாத ஆயிரத்தைந்நூறு.

வீடு, விட்டவாசல் பக்கத்துச் சந்தில்.
கோட்டை போய்விட்டது, மதில் போய்விட்டது,
வாசல் மட்டும் நிற்கிறது;
டூவீலர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு
அதற்குள் நுழைந்து போகின்றன.
எந்தச் சுவரிலும் ஒன்றை விட்டுத்தானே ஆகவேண்டும்?
பேங்குக்கும் வருமான வரிக்குமாக
ஞானதிரவியம் விட்டுவைத்த
நானூற்று நாற்பத்து மூன்று வழியே
மத்தியானம், டிபன்பாக்ஸைத் திறக்காமல்,
வீட்டுக்குப் போனேன்.

கட்டம் கட்டமாக வந்தது திரை.
அழகர்கோயிலில் எடுத்த படம் பாதி,
இரும்புக்கடை எக்ஸெல்,
பிறகு
நான் தொடாத அம்புக்குறி
நகர்ந்தது.

பாண்டிச்செல்வி.
இந்த நேரம் தூங்குவாள் என்றிருந்தேன்,
பதினோரு வருடமாக.

ஏதோ ஓசூர் கம்பெனியின் படிவம்.
இனிஷியலில் என் எழுத்து இல்லை,
அவள் அப்பாவுடையது.
பி.எஸ்சி. கணிதம், எழுபத்தொன்பது சதவீதம்.
சதவீதம் எனக்குத் தெரியாது.
வெளியூரில் தங்கச் சம்மதமா?
அங்கே வந்து அம்பு நின்றது.
மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.
பட்டால் அவளுக்கு இடறும்.

அப்போதுதான் பார்த்தேன், வலது மூலையில்
சின்னப் பெட்டி:
கப்பலூர் ஆபீஸ் இணைந்துள்ளது.
அவளுக்கும் தெரியும் அது.
முதலிலிருந்தே தெரிந்திருக்கும்.

அம்பு அந்தப் பெட்டிவரை வந்தது.
மூடலாம்.
மூடவில்லை.
திரும்பிப் போய்
ஆம் என்பதில் டிக் அடித்தது.

ராத்திரி சட்னி ஊற்றும்போது கேட்டாள்:
"இன்னைக்கு ஆபீஸ்ல நெட்டு நல்லா கெடைச்சுச்சா?"
ம் என்றேன்.
"இரும்புக்கடை கணக்க நானே ஏத்திட்டேன்.
ரெண்டு எடத்துல கூட்டல் தப்பு."

காலையில் ஞானதிரவியத்தின் மெயில்.
உங்கள் கணினியிலிருந்து
பன்னிரண்டு நாற்பத்தெட்டு முதல் ஒன்று ஆறு வரை
வெளித்தொடர்பு. விளக்கம் தேவை.

நாலைந்து விதமாக எழுதி அழித்தேன்.
கடைசியில் உள்ளதையே எழுதினேன்:

ஐயா,
அனுமதி பெறாமல் நுழைந்தது உண்மைதான்.
பதினெட்டு நிமிடம்.
எதையும் தொடவில்லை.