பதினாலாம் நாள்

தம்பரேயில் ஏரி உறைந்துவிட்டது.
எங்கள் குளியல்தொட்டிக்குள் மணலில்லாத கண்ணாடிப்பெட்டி,
இருபத்தாறு டிகிரி,
ஒளிய ஒரு பிளாஸ்டிக் குழாய்த்துண்டு,
அதற்குள் மாலத்தீவு நீலம்.

நான் குளிப்பது மூன்றாம் மாடி எல்வி வீட்டில்.

உப்பு தூவினாற்போல் உடம்பெல்லாம் இருந்த புள்ளிகள்
நேற்றிரவு உதிர்ந்துவிட்டன. கைதட்டினேன்.
உர்ஹோ சிரிக்கவில்லை.
"உதிர்ந்தது போனதாகாது.
அடியில் கிடந்து ஒன்று நூறாகும்."
குப்பியை விளக்கில் பிடித்தான்:
தாமிரம் சற்றுக் குறைவு.
ஒரு சொட்டு.
பொறுத்து,
இன்னொன்று.

போன குளிர்காலம் இப்படிப் பொறுக்காதவன்தான்.
உறைந்த மண் இளகும்வரை
பட்டாணிப் பைகளோடு
ஃப்ரீசரில் இருந்தன பதினோரு மீன்களும்.

இப்போது முழங்கைவரை கழுவாமல்
கூடத்துத் தொட்டியை நெருங்குவதில்லை.

எல்வி கேட்டாள்,
மீனுக்கு என்றைக்கு விடுதலை?
அவள் வீட்டில் சோப்பு தீர்ந்துவிட்டதாம்.