முள்ளும் ஆகாது, பாலும் ஆகாது

அடைக்கப்பன் சார் ஒரு தாளோடு வந்தார்.
தாள் நிறைய ஆகாதவை.
முள் ஆகாது.
பால் வடிவது வீட்டுக்கு ஆகவே ஆகாது.
வேர் சுவர்ப்பக்கம் திரும்பக் கூடாது.
இலை கொட்டக் கூடாது, கொட்டினாலும்
சனி ஞாயிறு கொட்டக் கூடாது,
அன்றைக்குத்தான் தங்க ஆள் வருவார்கள்.
வருஷம் முழுக்கப் பூக்க வேண்டும்.

‘சார், நீங்கள் தேடுவது செடி இல்லை, மருமகள்’ என்றேன்.
சிரிக்கவில்லை.

பள்ளத்தூரில் அந்தப் பெரிய வீட்டுக்கு அவர் மேனேஜர்.
பங்காளிகள் பதினோரு பேர்,
பதினோரு ஊர், ஒரே வாட்ஸப் குழு.
ஈப்போக்காரருக்குப் புல்தரை,
கோவைக்காரருக்கு ஈச்சை,
பெங்களூர் ஆச்சிக்கு எதுவானாலும் சரி,
பங்குக்கு மேல் காசு கேட்கக் கூடாது.

இட்லிப்பூ காட்டினேன்.
ஆஸ்பத்திரி வாசல் என்றார்.
நெட்டிலிங்கம், பள்ளிக்கூடமாம்.
காகிதப்பூவைத் தொட்ட விரலை
வாயில் வைத்துக்கொண்டார்.
அடீனியத்தின் குண்டு வயிற்றை ரசித்தார்,
ஓர் இலை ஒடிந்தது, உடனே பின்வாங்கினார்.

புதுவயல் சாலையில்
பத்தொன்பது கோடை விற்றிருக்கிறேன்.
இந்தச் சரளையில்
கேட்பாரில்லாமல் நிற்கிற எதுவும்
முள்ளாவது வைத்திருக்கும்,
பாலாவது வைத்திருக்கும்.
வேம்பைச் சொல்லாதீர்கள்,
வேம்புக்குக் கசப்பு.

கடைசியில் அவரே கண்டுபிடித்தார்,
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
ஆள் உயர ஈழத்தலரி.
ஆனி மாதம், கொத்துக்கொத்தாய் வெள்ளை,
நடுவில் மஞ்சள்,
குனிந்து முகர்ந்தவர்
கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

விலை சொன்னேன்.
பால் சொல்லவில்லை.
தை மாதத்தையும் சொல்லவில்லை.

குழி எடுக்க இரண்டு ஆள், அரை நாள்.
இரண்டடிக்குக் கீழே செம்புறாங்கல்,
கடப்பாரை முனை மழுங்கித் திரும்பியது.
ஆட்டுப்புழுக்கையும் மணலும் கலந்து
நிமிர்த்தி வைத்தபோது
அந்த முற்றத்தில்
அதற்கு மட்டும்தான் வயது குறைவு.

தையில் போன் வந்தது.
‘உன் மரம் செத்துப்போச்சு, பொன்னாத்தா.
நாளைக்கு சினிமாக்காரர்கள் வருகிறார்கள்.’
மறுநாள் மொபெட்டில் போய்ச் சேர்வதற்குள்
மொட்டைக் கிளையெல்லாம் பூ.
கலை இலாகாப் பையன்கள்
நாலு டஜன் பிளாஸ்டிக்கைக்
கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள்.
அதே வெள்ளை, அதே மஞ்சள்,
இதழ் மட்டும் ஆறு.
அதன் கீழே ஒரு பெண்
ஒன்பது முறை அழுதாள்.
ஒன்பதாவதுதான் சரியாக வந்ததாம்.

லைட்டெல்லாம் வேனில் ஏறும்வரை காத்திருந்தேன்.
பிறகு அவர் கையைப் பிடிக்காத குறையாய்
அடிமரத்துக்கு அழைத்துப்போய்
நகத்தால் கீறினேன்.
சாம்பல் தோலுக்குக் கீழே பச்சை.
பச்சையை மூடிக்கொண்டு
வெள்ளை திரண்டது.

‘பாலா?’
‘பால்தான் சார்.’

மேல்மாடி ஜன்னல்களை ஒருமுறை பார்த்தார்.
ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை, என்றைக்கும் போல.
கைக்குட்டையை எடுத்து
அவரே துடைத்தார், துடைக்கத் துடைக்க வந்தது,
குழந்தை வாயைத் துடைப்பதுபோல்
மறுபடி துடைத்தார்.
‘குரூப்பில் போடவேண்டாம்’ என்றார்.

கம்பிகளை வெட்டினோம்.
இறுகிய இடமெல்லாம் மோதிரத் தழும்பு.
உச்சிக்கிளைக்கு ஏணி எட்டவில்லை.

பங்குனி பாதியில்
நுனிகள் கறுத்துத் தடித்தன,
இலைக்கு முன்னால் மொட்டு.
தழும்புக்கு மேலேயும்தான்.
படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்,
கொஞ்சம் ஆடிப்போன படம்.
பூத்ததெல்லாம் ஐந்து இதழ்,
உச்சியில் ஒன்று மட்டும் ஆறு.

ஈப்போக்காரர் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்.
அந்த ஆறிதழ் ரகம்
வாடவே மாட்டேன் என்கிறதாமே,
பதியன் போட்டுத் தர முடியுமா என்று
கேட்கச் சொன்னாராம்.

கைமண்ணைத் தட்டிவிட்டு
இரண்டு தடவை பதில் எழுதி
இரண்டு தடவை அழித்தேன்.