சில்லறை

நவம்பர் நான்காம் தேதி வந்து சேர்ந்தோம்.
மானிட்டோபாவில் அப்போதே குழாய்கள் உறையத் தொடங்கியிருந்தன.
இங்கே வீட்டுக்காரி எதுவிகெஸ்,
போன மார்ச்சில் நான் மறந்துவிட்டுப் போன குடையை
வாசற்கதவில் மாட்டி வைத்திருந்தாள்.
நாங்கள் இருக்கும் மாதங்களில் ஒரு துளி விழாத ஊருக்கு
எதற்கடி குடை என்று
வருஷா வருஷம் சிரிப்பவளும் அவள்தான்.

குளிர்காலத்துக்கென்று ஒரு நாட்காட்டி உண்டு எங்களுக்கு.
செவ்வாய், சீட்டு.
வியாழன், ஆளுக்கொரு பாத்திரம், யார் வீட்டு மொட்டைமாடியிலாவது.
மூன்று பேர் உருளைக்கிழங்கு சாலட் கொண்டு வருவார்கள்.
மூன்றையும் தனித்தனியாகப் புகழ வேண்டும்.
ஞாயிறு கடற்கரையில் நடை. நடப்பதைவிட நிற்பது அதிகம்:
யாருக்கு எந்த முட்டியை மாற்றினார்கள்,
யார் மகன் யாரை விட்டுப் போனான்.
ஊரில் முப்பது வருஷம் அடுத்த வீட்டில் இருப்பவளின்
ரத்த அழுத்தம் எனக்குத் தெரியாது.
இங்கே பதினொரு பேருடையதும் மனப்பாடம்.

இந்த முறை ஒன்பது.
செத்தது ஒருவன்தான்,
கணக்கில் இரண்டு குறைகிறது.

வெண்டெல். ஜூலையில், புல் வெட்டிக்கொண்டிருந்தபோது.
இயந்திரம் அவனை விட்டுவிட்டு
வேலி வரை போய் முட்டி நின்றதாம்.
பெவர்லி இனி வரமாட்டாள்.
எங்கள் மடக்கு நாற்காலிகளை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்
என்றாள் தொலைபேசியில்.

முதல் செவ்வாய் நாங்கள் நாற்காலிகளைப் பற்றித்தான் பேசினோம்.
நீலமா பச்சையா,
துணி கிழிந்தது எதில்.
ஆர்வில் சீட்டைக் கலைத்துப் பழக்கத்தில்
வெண்டெலுக்கும் ஒரு கை போட்டுவிட்டான்.
யாரும் அதைத் தொடவில்லை.
கடைசி ஆட்டம் வரை கவிழ்ந்தே கிடந்தது.

மறுநாள் மீன் வாங்கப் போனேன்.
பண்டிகை முடிந்தும் செலெரினோ
இறந்தவர்களின் மேஜையை எடுத்து வைத்திருக்கவில்லை.
காய்ந்த துலுக்கச் சாமந்தி. அவன் அம்மா.
கடலோடு போன மைத்துனன். ஒரு நாய்.
நாய்க்குப் பக்கத்தில்
வெயிலில் தோலுரிந்த மூக்கோடு வெண்டெல்,
ஒரு சங்கராவைத் தானே பிடித்த மாதிரி தூக்கிக்கொண்டு.
இதே கடையில் வாங்கிய மீன் அது, எனக்குத் தெரியும்.
எதிரே ஒரு பீர், மூடி திறந்தது.

என் ஸ்பானிஷில் இறந்தகாலம் இன்னும் சரியாக வராது.
"வெண்டெல் நல்ல மனிதனாக இருக்கிறான்" என்றேன்.
செலெரினோ திருத்தவில்லை.
செதிலைச் சீவிக்கொண்டே சொன்னான்:
"நாற்பது பேசோ தரணும்.
சில்லறை இல்லை, நவம்பரில் தருகிறேன் என்றான்.
வெளியூர்க்காரன். வழி தவறிவிடக்கூடாதே,
அதுதான் படம்."

நான் பர்ஸைத் திறந்தேன்.
ஈரக்கையால் மூடினான்.
"கணக்கைத் தீர்த்துவிட்டால்
அப்புறம் அவன் எதற்கு வருவான்?"

வியாழக்கிழமை மாடியில் இதைச் சொன்னேன்.
கரண்டிகள் நின்றன.
கீழே யாரோ எரிவாயு விற்றுக்கொண்டு போனான்.
முதலில் சிரித்தது ஊர்சுலா,
அப்புறம் அவள்தான் உள்ளே போய்
வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.
ஆர்வில் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவது சாலட்டையும் புகழவில்லை.

வெள்ளிக்கிழமை நான் எழுவதற்குள் எங்கோ போயிருந்தான்.
பன்னிரண்டு குளிர்காலத்தில் "நன்றி"க்கு மேல் கற்காதவன்,
கடைத்தெருவுக்கு என்னை அனுப்புகிறவன்,
செய்தித்தாளில் சுற்றிய மீனோடு திரும்பினான்.
எலும்பு அதிகம், எனக்குப் பிடிக்காத மீன்.
எவ்வளவு என்று கேட்டேன்.

"இருபத்தைந்து. கடன் சொல்லிவிட்டேன்."
"என்னவென்று?"
"சில்லறை இல்லை என்றுதான்."

ஸ்பானிஷில் அதை எப்படிச் சொன்னான் என்று
கேட்பதற்குள் சமையலறைக்குப் போய்விட்டான்,
கால்சட்டைப் பையில்
காசு குலுங்கக் குலுங்க.