இந்தக் கிழமை என்ரை

மூண்டு வீடு, மூண்டு பெட்டி,
பொதுவிலை ஒரேயொரு றாம்.
அறுபத்து நாலு எம்பி.
பம்பலப்பிட்டியிலை வாங்கி
கண்டி வீதியாலை லொறியிலை வந்தது,
முகமாலையிலை ஒருக்கா இறக்கி ஏத்தி.
காசு மூண்டு பேரும் போட்டது.
எமில் முன்னூறு குறையப் போட்டவன்.
அது பிறகு கதைப்பம்.

திங்கள் தொடங்கி ஞாயிறு மட்டும் ஒரு ஆள்.
பிறகு சைக்கிளிலை
கோண்டாவிலிலை இருந்து ஆனைக்கோட்டை,
ஆனைக்கோட்டையிலை இருந்து குருநகர்,
சவர்க்காரப் பெட்டிக்குள்ளை
பஞ்சு சுத்தி.

பூட்ட முதல்
பென்சில் அழிறப்பராலை பல்லுத் தேய்க்கவேணும்.
ஊதக்கூடாது, துப்பல் படும் எண்டு குகதாசன்.
ஊதினால்தான் வேலை செய்யும் எண்டு எமில்.
உந்த வழக்கு மூண்டு வருசம் ஓடினது.
மூடி கழட்டின பெட்டிக்கு முன்னாலை
மேசை ஃபான்.
எமிலின்ரை ஏஎம்டியிலை
முட்டை அவிக்கலாம் எண்டன் நான்.
உன்ரை செலறோன்
முட்டை இட்ட கோழியிலும் மெதுவு எண்டான்.

சுன்னாகம் மூச்சு வாங்கிற நேரம்
ஸ்டெபிலைசர் "டக்" எண்ணும்.
அந்த "டக்"குக்கு
மூண்டு வீட்டிலையும் மூண்டு பேர்
சேவ் பண்ண ஓடுவம்.
ஓடி முடிய முதல்
திரை கறுத்திடும்.

கஸ்தூரியார் வீதிக் கடைக்காரன்
பெட்டைக்கு மதர்போர்ட் விளங்குமோ எண்டு
குகதாசனைப் பாத்துக் கேட்டவன்.
குகதாசன் என்னைப் பாத்தான்.
நான் ஜம்பரைக் கழட்டி
மாத்திப் போட்டுக் காட்டினன்.
அண்டைக்குப் பிறகு அந்தாள்
எனக்கு மட்டும் விலை குறைக்கேல்லை.

ஒருக்கா சென்றியிலை
பையைக் கிளறின ஆமிக்காரி
சவர்க்காரப் பெட்டியைத் திறந்து மணந்து பாத்தாள்.
மொகக்த எண்டாள்.
மெமரி எண்டன்.
அவளுக்கு அந்தச் சொல் தெரியும்போலை.
காகேத எண்டாள்,
ஆற்றை எண்டு.
எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தை எல்லாம் கூட்டிப் பொறுக்கி
இந்தக் கிழமை என்ரை எண்டன்.
பஞ்சைத் திரும்ப
வடிவாய்ச் சுத்தித் தந்தாள்.

பாமினி ஏத்தாத என்ரை மெசினிலை
குகதாசன் பிளொப்பியிலை தந்த கடிதம்
ஆங்கிலக் குப்பையாய் விரிஞ்சுது.
எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.
அம்மா எண்டு விரலுக்குத் தெரியும்.
மேசையிலை தட்டித் தட்டி
முழுக் கடிதத்தையும் வாசிச்சன்.
அம்மா சந்தேகப்படுகிறா,
றாமை நாளைக்கே கொண்டுவா கள்ளி.
வேறை என்னவோ எண்டு நினைச்சு
அரை மணித்தியாலம் தட்டினது
எனக்கும் அந்த மேசைக்கும் மட்டும் தெரியும்.

இரண்டாயிரத்து ஆறிலை
அறுபத்து நாலு ஒண்டுக்கும் காணாது.
எண்டாலும் முறை விடேல்லை.
ஆவணி பதினொண்டு, வெள்ளிக்கிழமை,
முறை மாற மூண்டு நாள் கிடக்க
பின்னேரம் முகமாலைப் பக்கம் அதிர்ந்தது.
ஊரடங்கு.
பாதை பூட்டு.
ஒரு மவுஸுக்கும் வழியில்லை,
மாவுக்கே வழியில்லை.
கப்பலுக்குப் பாஸ் எடுத்து எமில் போனான்.
குகதாசன் எப்பிடிப் போனான் எண்டு
இப்பவும் சொல்லமாட்டான்.

ஒஸ்லோவிலை ஒருத்தன், மார்க்கத்திலை ஒருத்தன்.
ராவிலை போன் மூண்டும் சேர்ந்தால்
பதினாறு ஜிபி, முப்பத்திரண்டு ஜிபி எண்டு
புளுகு முடிய
கடைசியிலை அங்கைதான் வந்து நிக்கும்.
அந்தக் கிழமை ஆற்றை?
உன்ரை.
இல்லையடா, நீதான் கொண்டுபோனனி.
விசரே, நான் எங்கை,
கப்பலிலை இருபது கிலோதான் விட்டவங்கள்.

நான் கேட்டுக்கொண்டிருப்பன்.
அலுமாரியின்ரை மேல்தட்டிலை
சவர்க்காரப் பெட்டி கிடக்கு.
வாசம் போட்டுது. பஞ்சு மஞ்சள்.
உள்ளை என்ன எண்டு
இவ்வளவு காலமும் நான் வாய் திறக்கேல்லை.
திறந்தால் அவங்கள்
"சரி, வைக்கிறன்" எண்டு படுக்கப் போயிடுவாங்கள்.

எமில்,
முன்னூறு ரூபா இன்னும் வரேல்லை.