என்ன லோடு

மஞ்சக்குப்பம் காயலான்கடையில்
பிலவேந்திரன் பொறுக்கியதை நான்தான் ஏற்றினேன்.
துரு தின்ற டீசல் டிரம்,
விசைப்படகின் உடைந்த புரொப்பல்லர் மூன்று,
யார் வீட்டுதோ ஒரு கிரைண்டர் குழவி,
ஜோடி சேராத செருப்பு இரண்டு சாக்கு.
எடைமேடையில் நூற்று நாற்பது கிலோ.
மனுஷன் பேரமே பேசவில்லை.
அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம்.

ஒன்றரை மாதம் கழித்து அதையே
புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.
கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே,
மஞ்சள் சுவர்க் கட்டடம்.
இப்போது அது மாடு மாதிரி,
இல்லை, படுத்து எழ முடியாத
நிறைமாதக்காரி மாதிரி இருந்தது.
ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று சீட்டு.
மனசுக்குள் கிலோவால் வகுத்துப் பார்த்தேன்.

தோள் கொடுத்து இறக்கி வைத்த மறு நிமிஷம்
'தொடாதீர்கள்' என்று முன்னால்
அட்டை வைத்தாள் ஒரு பெண்.
சட்டையில் ஒட்டியிருந்த துருவை
வெளியே போய்த் தட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த அறையில் ஹசினா எடுத்த போட்டோக்கள்.
கறுப்பு வெள்ளை. ஏசி குளிர்.
ஆறாவது படம் குண்டு உப்பலவாடி,
வெள்ளம் வந்த நவம்பர்.
ஒருக்களித்து முங்கிக் கிடக்கும் வண்டி.
பின்கதவில் 'ன் துணை' மட்டும் தெரிகிறது.
'அங்காளம்ம' தண்ணீருக்குள்.
எனக்குத் தெரியாதா,
பெயின்டருக்கு நூற்றைம்பது கொடுத்தவன் நான்.
படத்துக்குக் கீழே எழுதியிருந்தது:
'பெயரிடப்படாதது.'

சட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம், இரண்டடி தள்ளி
குடிநீர்த் தொட்டிமேல் குந்தியிருந்தேன் அன்றைக்கு,
வாயில் வண்டிச் சாவியைக் கவ்விக்கொண்டு.
இங்கே அந்த இடத்தில் வெள்ளைச் சுவர்,
படம் மாட்டாத ஓர் ஆணி.
கொஞ்ச நேரம் அங்கே போய் நின்றேன்.
செல்போனை உயர்த்திப் பிடித்திருந்த ஒரு பையன்
"அண்ணே, ஃப்ரேம்ல விழுறீங்க" என்றான்.
நகர்ந்துகொண்டேன்.

பத்து நாள் இருந்தது. விற்கவில்லை.
திரும்பும்போது இருட்டிவிட்டது,
ஆல்பேட்டை சோதனைச் சாவடி.
"என்ன லோடு?"
"சிற்பம் சார்."
"பாண்டியிலேருந்து வர்ற சிற்பத்துக்கு
இவ்ளோ பெரிய வயிறு எதுக்குடா?"
ஏட்டு தார்ப்பாயை விலக்கினார்.
லத்தியால் ஒரு தட்டு.
கோயில் மணிக்கும் காலி டிரம்முக்கும் நடுவில்
என்னவோ சொன்னது அது.
காதை வைத்துக்கொண்டு இன்னொரு தட்டு.
அந்த இரண்டாவது தட்டு
பாட்டிலுக்காக இல்லை என்று பட்டது எனக்கு.

பிறகு டார்ச்சை உள்ளே விட்டார்.
துரு தின்ற துளைகளெல்லாம் வழியாக
என் சட்டைமேல், அவர் தொப்பிமேல்,
பின்னால் நின்ற டவுன் பஸ்ஸின் நெற்றியில்
பொடிப்பொடியாக வெளிச்சம்.
பத்து நாளும் யாரும் இதைப் பார்க்கவில்லை,
பிலவேந்திரனே பார்த்திருப்பாரா தெரியாது.

"ஒண்ணும் இல்ல, போ" என்றார் ஏட்டு.
டார்ச்சை அணைக்கவில்லை.
பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.